பெட்டியைக் கட்டிய வெள்ளை பெல்ட்

எனக்கு எட்டு வயது நடந்தபோது எங்கள் வீட்டுக்கு இரண்டு புது வரவுகள். ஒன்று பெரியம்மா, இன்னொன்று கராத்தே. இரண்டுமே ரொம்ப நாள் நிலைக்காது என்றுதான் பேச்சு. கராத்தே ஒரு மாதத்தைத் தாண்டாது என்று அப்பா சொன்னார். அதற்கு முன்பு நான் சேர்ந்த நீச்சலும் கீபோர்டும் போன வழி அவருக்குத் தெரியும். பெரியம்மாவைப் பற்றி யாரும் அப்படிச் சொல்லவில்லை, அவளே சொல்லிக்கொண்டாள். "அடுத்த வாரம் கெளம்பிடுவேன்" என்று வந்த அன்றைக்கே சொன்னாள். அடுத்த வாரமும் அதையேதான் சொன்னாள்.

பெரியம்மா என் அம்மாவின் அக்கா. பெரியப்பாவோடு உட்லண்ட்ஸில் இருந்தாள். பிள்ளைகள் கிடையாது. அந்த வருஷத் தொடக்கத்தில் பெரியப்பா இறந்துபோனார். காரியமெல்லாம் முடிந்த கையோடு அம்மா போய், குவீன்ஸ்டவுனில் இருந்த எங்கள் வீட்டுக்கு அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். கூடவே ஒரு பழுப்பு நிறப் பெட்டி வந்தது. அதன் பூட்டு உடைந்திருந்ததால் ராஃபியா என்கிற பிளாஸ்டிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். பெட்டி என் கட்டிலுக்கு அடியில் போனது, பெரியம்மா என் அறைக்கு வந்தாள். தனி அறை போனதே என்று நான் வருத்தப்பட்டிருக்க வேண்டும். ஆனால் எனக்கு ஒரே கொண்டாட்டம். பெரியம்மா தலை பின்னினால் வலிக்காது. அம்மா பின்னினால் கண்ணில் தண்ணீர் வரும்.

புரியாதது அந்தப் பெட்டிதான். பெரியம்மா தினமும் காலையில் கயிற்றை அவிழ்ப்பாள், ஒரு வெளிறிய சேலையை எடுப்பாள், மறுபடியும் இறுக்கிக் கட்டிவிடுவாள். "அலமாரியில எடுத்து வைங்களேன் அக்கா, இவ பொம்மையெல்லாம் ஏறக்கட்டிட்டா ஒரு தட்டு காலியாயிடும்" என்று அம்மா எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள். "இருக்கட்டும்மா, போற பொம்பளைக்கு எதுக்குத் தட்டு" என்பாள் பெரியம்மா. என் பொம்மைகளை ஏறக்கட்டும் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை என்பதால், அந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் பெரியம்மா கட்சி.

அவள் போக வேண்டிய இடம் பெரியப்பாவுடைய தம்பியின் வீடு. அதுவும் உட்லண்ட்ஸில்தான். அங்கே போவதில் அம்மாவுக்கு இஷ்டமே இல்லை. "அங்க போனா அக்காவ ஒரு மூலையில ஒக்கார வச்சிருவாங்க. ஒரு நல்லது கெட்டதுக்கு முன்னால வர விடமாட்டாங்க" என்று சமையலறையில் அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. மூலையில் உட்காருவதில் என்ன கஷ்டம் என்று எனக்கு விளங்கவில்லை. எங்கள் வீட்டு வரவேற்பறையில் எல்லாரும் சண்டை போட்டுப் பிடிக்கிற இடமே மூலை சோபாதான்.

எனக்கிருந்த கவலை வேறு. கராத்தே வகுப்பு எங்கள் அடுக்குமாடி புளோக்குக்கு எதிரே இருந்த சமூக மன்றத்தில் வெள்ளிக்கிழமை சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமை காலையும் நடந்தது. அம்மாவுக்கு வேலை, அப்பாவுக்குத் துவாஸ் தொழிற்சாலையில் ஷிப்ட். என்னைக் கூட்டிக்கொண்டு போய், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, வகுப்பு முடியும்வரை கண் கொட்டாமல் பார்த்துவிட்டுத் திரும்பக் கூட்டிவருவது பெரியம்மாதான். அவள் போய்விட்டால் கராத்தேயும் போச்சு. நல்ல காலமாக, அடுத்த வாரம் என்பது வராமலே தள்ளிப்போய்க்கொண்டிருந்தது.

முதல் சில வகுப்புகளுக்கு டி-ஷர்ட் போதும். அதற்குப் பிறகு சீருடை வாங்க வேண்டும் என்று எங்கள் சென்செய் சொல்லிவிட்டார். சென்செய் என்றால் ஆசிரியர். எங்கள் சென்செய் ஒரு சீனப் பெண்மணி, நரைத்த முடியைக் கட்டையாக வெட்டியிருப்பார், அதட்டாமலே அடக்கிவிடுவார். பக்கத்து புளோக்கில் யாரிடமாவது பழைய சீருடை கேட்டு வாங்கலாம் என்றார் அப்பா. "மொதல் தடவ போடறது யாரோ போட்டுக் கழிச்சதா?" என்று அம்மா ஒரே கேள்வியில் அதை முடித்துவிட்டாள்.

எனவே ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்ததும் தேக்கா சந்தைக்குப் போனோம். மீன், முருங்கைக்காய், மல்லிகைப்பூ எல்லாம் வாங்கிய பிறகு கராத்தே உடுப்பு. சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பூக்கடைக்கும் கைப்பேசிக் கடைக்கும் நடுவில் அந்த விளையாட்டுப் பொருள் கடை இருந்தது. நாங்கள் மூவரும் உள்ளே போனோம். பெரியம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். வகுப்பில் பிள்ளைகள் என்ன போடுகிறார்கள் என்று எங்கள் நாலு பேரில் நன்றாகக் கவனித்தவள் அவள்தான். "பெரியம்மா, நீங்க வந்து சொல்லுங்க" என்று கூப்பிட்டேன். "நீங்க பாத்து எடுங்க கண்ணு, எனக்குக் கால் வலிக்குது" என்றாள். கால் வலித்தால் உட்கார வேண்டாமோ? உள்ளே ஒரு ஸ்டூல் காலியாகக் கிடந்தது. அவளோ வெளியே முருங்கைக்காய்ப் பையோடு நின்றுகொண்டே இருந்தாள்.

கடையில் இருந்தவர் ஒரு மலாய் இளைஞர். கராத்தேக்கு மெல்லியது ஒன்று, கராத்தேக்குத் தடித்தது ஒன்று, ஜூடோவுக்குப் போர்வை மாதிரி ஒன்று, டேக்வாண்டோவுக்குத் தலை வழியாக மாட்டுவது ஒன்று என்று கண்ணாடி மேசைமேல் பரப்பினார். எங்களுக்கு எல்லாமே வெள்ளையாக, எல்லாமே ஒன்றாகத் தெரிந்தன. அப்பா ராத்திரியெல்லாம் கைப்பேசியில் படித்துவிட்டு வந்திருந்தார். குத்தும்போது கைப்பகுதி 'டப்' என்று சத்தம் போட்டால்தான் அது உயர்ந்த துணி என்பது அவர் ஆராய்ச்சியின் முடிவு. இளைஞர் ஒன்றை மாட்டிக் குத்திக்காட்டினார். 'டப்' என்றது. அப்பா தானும் மாட்டிக் குத்தினார். சத்தம் வரவில்லை, தொங்கிக்கொண்டிருந்த கைப்பந்து வலைதான் ஆடியது.

அம்மாவின் பரிசோதனை வேறு மாதிரி. சேலைக் கடையில் செய்வதுபோல ஓரத்தைக் கைக்குள் வைத்துக் கசக்கினாள், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள், கடைசியில் சாயம் போகுமா என்று கேட்டாள். அந்த இளைஞர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, போவதற்கு அதில் சாயமே இல்லை ஆன்ட்டி என்று ஆங்கிலத்தில் பணிவாகச் சொன்னார். ஆனால் துவைத்தால் சுருங்கும் என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னார் பாருங்கள், அங்கேதான் தப்புச் செய்தார். என் உயரத்துக்கு நூற்று முப்பது அளவு போதும். சுருங்குவதற்கு ஓர் அளவு கூட்டினாள் அம்மா, வளருகிற பிள்ளை என்று இன்னோர் அளவு, எதற்கும் இருக்கட்டும் என்று மேலும் ஒன்று. நூற்று அறுபதை மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தபோது எனக்குக் கையும் இல்லை, காலும் இல்லை.

அடுத்தது பெல்ட். பாக்கெட்டுக்குள்ளேயே ஒரு வெள்ளை பெல்ட் இருக்கிறது, புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அதுதான், மற்ற நிறங்களெல்லாம் தேர்வில் தேறத் தேறக் கிடைப்பவை என்று அந்த இளைஞர் தெளிவாகத்தான் சொன்னார். அம்மா காது கொடுத்துக் கேட்டாள். பிறகு கண்ணாடிப் பெட்டிக்குள் சுருட்டி வைத்திருந்த நிறங்களைப் பார்த்தாள்.

"கறுப்பு வாங்கிட்டா திரும்பத் திரும்ப வாங்க வேணாம்ல?" என்றார் அப்பா.

அம்மா அவரைப் பார்த்த பார்வையில் அவர் மறுபடியும் கைப்பந்து வலைப் பக்கம் போய்விட்டார். "இந்த வருஷம் நம்ம வீட்டுக்குள்ள வர்ற மொதல் புதுத்துணி. அதுவும் வெள்ளிக்கெழம போடப்போறா. தலையிலேந்து கால் வரைக்கும் வெள்ளையாவா?" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னாள். சொல்லும்போது அவள் கண் வாசலுக்குப் போனது. நானும் பார்த்தேன். அங்கே பெரியம்மா தவிர யாரும் இல்லை. "இடுப்புலயாவது மங்களகரமா இருக்கட்டும். மஞ்சள் குடுங்க."

என்னோடு சேர்ந்தவர்கள் எல்லாரும் வெள்ளைதான் என்று நான் முனகினேன். ரொம்பப் பலமாக முனகவில்லை. மஞ்சள் பார்ப்பதற்கு அழகாக இருந்தது.

அன்று சாயங்காலமே பெரியப்பாவின் தம்பி போன் செய்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கார் எடுத்துக்கொண்டு வருகிறாராம். "இது உங்க வீடு இல்லையா அக்கா?" என்று அம்மா கேட்டாள். "தெரியும்மா" என்றாள் பெரியம்மா. தெரியும் என்று சொல்லிவிட்டு உடனே பெட்டியை வெளியே இழுத்தாள். ராஃபியா கயிறு நைந்து போயிருந்தது. பாக்கெட்டோடு வந்த வெள்ளை பெல்ட் மேசைமேல் சும்மா கிடந்தது. "இது வேணாம்ன்னா நான் எடுத்துக்கறேன்" என்று அதை எடுத்து, பெட்டியைச் சுற்றி இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டாள். அச்சு அசலாகக் கராத்தே முடிச்சு. இரண்டு முனையும் சமமாகத் தொங்கின. நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டிருக்கிறாள். எனக்கு இன்னும் அந்த முடிச்சு வரவில்லை.

வெள்ளிக்கிழமை அம்மா வேலையிலிருந்து சீக்கிரம் வந்து, சீருடையைச் சாமி முன்னால் வைத்து, கழுத்துப்பட்டை நுனியில் மஞ்சள் தடவினாள். புதுத்துணியைப் பெரியவர்கள் கையால் வாங்கித்தான் போட வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். தீபாவளிக்குத் தீபாவளி பெரியப்பாவும் பெரியம்மாவும் சேர்ந்து நின்று எனக்கு எடுத்துக் கொடுப்பார்கள். அந்த ஞாபகத்தில் தட்டோடு நேரே பெரியம்மாவிடம் போனேன். அவள் இரண்டு கையையும் முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

"அப்பாகிட்ட வாங்கிக்கடா. எனக்குக் கையெல்லாம் ஈரம்."

குனிந்து பார்த்தேன். ஈரமே இல்லை. காலையில் எனக்குத் தலை பின்னிவிட்ட அதே கைதான். கராத்தே பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பிடிக்காவிட்டால் எதற்கு முடிச்சு வரைக்கும் கற்றுக்கொள்ள வேண்டும்? ஒன்றும் ஓடவில்லை. சமையலறையில் அம்மா ஒரு பாத்திரத்தைத் தேவைக்கு அதிகமான சத்தத்தோடு கீழே வைத்தாள். கடைசியில் அப்பாதான் எடுத்துக் கொடுத்தார். அம்மா பெல்ட்டைக் கட்டினாள். அவளுக்குத் தெரிந்தது பாவாடை நாடா முடிச்சு. "அப்படி இல்லம்மா, அடிச் சுத்தையும் சேத்து உள்ளேந்து எடுக்கணும்" என்று பெரியம்மா தள்ளி நின்றே சொன்னாள். கிட்டே வரவில்லை.

வகுப்பில் என்ன நடந்திருக்கும் என்று இப்போது யோசித்தால் யாருக்கும் புரியும். அன்று எனக்குப் புரியவில்லை. நான் வழக்கம்போல் கடைசி வரிசையில் போய் நின்றேன். பெரிய பையன் ஒருவன் என் இடுப்பைப் பார்த்துவிட்டு, மரியாதையாக என்னை மஞ்சள் பெல்ட்காரர்கள் நிற்கும் முன் வரிசைக்கு நகர்த்தினான். எனக்குப் பெருமையாக இருந்தது. புது உடுப்புக்கு இவ்வளவு மதிப்பா என்று எண்ணி முடிப்பதற்குள் எல்லாரும் ஒரே சமயத்தில் வலப்பக்கம் திரும்பினார்கள். நான் இடப்பக்கம் திரும்பினேன். என் பக்கத்துப் பெண்ணின் முழங்கை என் மூக்கில் இடித்தது. அடுத்த அடி எடுத்து வைத்தபோது நூற்று அறுபது அளவுக் காற்சட்டையை நானே மிதித்து விழுந்தேன். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. மஞ்சள் பெல்ட் வாங்கியவளுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று எல்லாரும் குழம்பிப்போய்ப் பார்த்தார்கள். நான் அவர்களைவிடக் குழம்பிப்போய் அவர்களைப் பார்த்தேன்.

சென்செய் வந்தார். மண்டியிட்டு, பாவாடை நாடா முடிச்சை அவிழ்த்து, மஞ்சள் பெல்ட்டைச் சுருட்டி என் கையில் கொடுத்தார். பத்திரமாக வைத்துக்கொள், தேறிய பிறகு இதையே கட்டலாம், ஞாயிற்றுக்கிழமை வெள்ளையோடு வா, வெள்ளை இல்லாவிட்டால் வகுப்பு இல்லை என்றார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வகுப்பு முடிந்ததும் பெரியம்மாவிடமும் வந்து சொன்னார்.

"ஏன், புதுசா வர்றவங்களுக்கு வெள்ளைதானா?" என்று பெரியம்மா தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டாள்.

"எவ்ரிபடி சேம், ஆன்ட்டி. வைட் மீன்ஸ் ஸ்டார்ட் லா."

"ஸ்டார்ட்?" என்றாள் பெரியம்மா. சென்செய் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். பெரியம்மா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. விளக்கை அணைக்க வந்தவர் இருமிய பிறகுதான் எழுந்தாள். லிஃப்டில் ஏறும்போது, "அவங்க என்ன சொன்னாங்க, வெள்ளன்னா ஆரம்பமா?" என்று என்னைக் கேட்டாள். ஆமாம் என்றேன். வீட்டுக் கதவைத் திறந்த அம்மாவிடம் என் மூக்கைப் பற்றிச் சொல்வதை விட்டுவிட்டு அதைத்தான் முதலில் சொன்னாள். "வெள்ளதான் அவங்களுக்கு ஆரம்பமாம்மா. கேட்டியா?" மூக்கு வீங்கியிருந்த எனக்கு அது ரொம்ப அநியாயமாகப் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை வீடு ஒரு மாதிரியாக இருந்தது. மத்தியானம் கார் வருகிறது. அதற்காகவே லீவு போட்ட அம்மா விடிந்ததிலிருந்து பெரியம்மாவுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துக்கொண்டிருந்தாள். அப்பா ஒரே பக்கத்தை விரித்து வைத்துப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். எனக்கு வகுப்புக்கு நேரமாகிவிட்டது. சீருடையின் கையையும் காலையும் மடித்துவிட்டுக்கொண்டு, வெள்ளை பெல்ட் எங்கே என்று தேடினேன். அப்புறம்தான் நினைவு வந்தது.

யாரையும் கேட்கவில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்து, பல்லையும் நகத்தையும் வைத்து அந்த முடிச்சை அவிழ்த்தேன். பெல்ட் கையில் வந்ததும் மூடி பட்டென்று திறந்துகொண்டது. உள்ளே இருந்தவை சரிந்து தரைக்கு வந்தன. பெரியம்மா வெளிறிய சேலைகளை மட்டும்தான் உடுத்துவாள் என்பதால் பெட்டியில் அவை மட்டும்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். அடியில் பச்சையும் சிவப்பும் ஊதாவும் இருந்தன. நடுவில் பெரியப்பாவின் பூ அச்சுப் போட்ட பாத்தேக் சட்டை ஒன்று மடித்து வைத்திருந்தது. நிமிர்ந்து பார்த்தால் வாசலில் பெரியம்மா.

"வெள்ள பெல்ட் இல்லாட்டி சென்செய் உள்ள விடமாட்டாங்க பெரியம்மா" என்று அவசரமாகச் சொன்னேன்.

அவள் என்னைத் திட்டவில்லை. கீழே கிடந்த சட்டையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். சத்தம் கேட்டு அம்மா கரண்டியோடு வந்தாள்.

"எதாச்சும் கயிறு இருந்தா குடும்மா. பெட்டியக் கட்டணும்" என்றாள் பெரியம்மா.

"கயிறு இல்ல."

"அந்தப் பழைய ராஃபியா?"

"அத அன்னைக்கே தூக்கிப் போட்டாச்சு."

அந்த ராஃபியா சமையலறை இழுப்பறையில் இருந்தது. காலையில்தான் பார்த்தேன். சொல்ல வாயைத் திறந்தேன். அம்மா கரண்டியை என் பக்கமாக லேசாகத் திருப்பினாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

பெரியம்மா குனிந்து சட்டையை எடுத்தாள். "இந்தப் புள்ளைய யாரு வகுப்புக்குக் கூட்டிட்டுப் போவா?" என்றாள். யாரைக் கேட்டாள் என்று தெரியவில்லை. அம்மா அலமாரியைத் திறந்து, என் பொம்மைகளை இரண்டு கையாலும் வாரிக் கட்டிலில் கொட்டினாள். நான் கத்தினேன். என் கத்தலை யாரும் பொருட்படுத்தவில்லை. காலியான தட்டை அம்மா முந்தானையால் துடைத்தாள். பிறகு பெல்ட்டை என் கையிலிருந்து வாங்கி, அக்காவிடம் நீட்டினாள்.

"கட்டிவிடுங்க. எனக்கு அந்த முடிச்சு வராது."

"நானா?" பெரியம்மாவின் கை மறுபடியும் முந்தானைக்குள் போனது. "வேணாம்மா. மொதமொதலா கட்டறது..."

"மொதமொதலாத்தான். வெள்ளதான் ஆரம்பம்ன்னு நீங்கதான வந்து சொன்னீங்க? நான் சொல்றேன்ல. எம் பொண்ணுக்கு நீங்கதான் கட்டணும்."

பெரியம்மா வாங்கிக்கொண்டாள். என் முன்னால் மண்டியிட்டு, மஞ்சள் தடவிய கழுத்துப்பட்டையை இழுத்துச் சரிசெய்து, பெல்ட்டை இரண்டு சுற்றுச் சுற்றினாள். பெட்டியை ஒரு நொடியில் கட்டியவளுக்கு என் இடுப்பில் அந்த முடிச்சு வரவே மாட்டேன் என்றது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இரண்டு தடவை அவிழ்த்து மறுபடி கட்டினாள். "லேட்டாவுது பெரியம்மா" என்று நான் குதித்துக்கொண்டிருந்தேன். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி நின்று கரண்டியால் கண்ணைத் துடைக்கப் போய், நல்லவேளையாக நிறுத்திக்கொண்டாள்.

வரவேற்பறையில் அப்பா போனில் பேசுவது கேட்டது. "இன்னைக்கு வர வேணாம்ங்க... இல்லல்ல, சண்டையெல்லாம் ஒன்னும் இல்ல. அவங்களுக்குக் கராத்தே இருக்கு." அந்தப் பக்கம் என்ன கேட்டார்களோ தெரியாது. அப்பா அதையே இன்னொரு தடவை சொன்னார்.

இதற்குமேலும் தாமதம். பெரியம்மா "இதோ வந்துட்டேன்" என்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே வந்தபோது ஊதாச் சேலை கட்டியிருந்தாள், போன தீபாவளிக்குக் கட்டியது. லிஃப்டுக்காக நிற்கும்போது நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். என் தட்டு போய்விட்டது, பொம்மைகள் கட்டிலில் கிடக்கின்றன, மஞ்சள் பெல்ட் இடுப்பை விட்டுப் போனது, இடுப்பில் இருப்பதோ பெட்டி கட்டிய பெல்ட். இவ்வளவு நஷ்டமும் எனக்கே வந்திருக்கும்போது பெரியவர்கள் எதற்கு அழுதார்கள் என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

"கராத்தே கிளாசுக்கு எதுக்குப் பெரியம்மா தீபாவளிச் சேலை?" என்று கேட்டேன்.

கால் வலி என்று சொன்னபோது நான் நம்பவில்லை. கை ஈரம் என்று சொன்னபோதும் நம்பவில்லை. இந்தத் தடவை அவள் என் பெல்ட்டின் இரண்டு முனையையும் சமமாக இழுத்துவிட்டு, "சும்மாதான்" என்றாள்.

நான் நம்பிவிட்டேன்.